உச்சிவெயிலில் ஒரு சீசா

ஜஃபாலி பாயைச் சுருட்டிக் கதவோரம் சாய்த்து வைத்திருந்தான். எங்கள் ஏரிக்கரையில் புருஷன்தான் பெண்டாட்டி வீட்டுக்கு வந்து இருப்பான். வீடும் என்னுடையது, பிள்ளையும் என் பக்கம். அவன் கொண்டு வந்தது ஒரு பாய், ஒரு மண்வெட்டி, ஒரு வலை. இதில் பாய் சுருண்டு கதவுக்கு வந்துவிட்டால் மற்ற இரண்டும் பின்னாலேயே வரும் என்று அர்த்தம்.

நான் உசிப்பா மீன் கூடையோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இன்னும் கிளம்பல. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு மாமா வர்றார். பேசி முடிச்சிட்டுத்தான்."

"என்ன பேசப் போறீங்க?"

"நீ எனக்குக் கொடுத்த வியாதியைப் பத்தி" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் உருளுவது பாத்திரம்தான் என்று தெருவுக்கே தெரியும். அன்று கையில் இருந்தது மீன். விட்டெறிந்தால் மண்ணில் விழுந்து பாழாகும். கூடையை மெதுவாக இறக்கி வைத்தேன். அந்த நிதானம் எனக்கே பிடிக்கவில்லை.

வியாதி இரண்டு பேருக்கும் இருந்தது உண்மை. எனக்கு அடிவயிறு எரியும், சிறுநீர் போன பிறகு துணியில் ரத்தப் பொட்டு இருக்கும். அவனுக்கு வேறு மாதிரி. சின்ன வயதில் அவனுக்குச் சிவப்பாகப் போயிருக்கிறது. அது எங்கள் கரையில் வெட்கப்படும் விஷயமே இல்லை. பையன்கள் மணலில் வரிசையாக நின்று போவார்கள், யாருக்குக் கடைசிச் சொட்டு சிவப்போ அவன் ஆளாகிவிட்டான் என்று பெரியவர்கள் முதுகில் தட்டுவார்கள். தன் கூட்டாளிகளில் தான்தான் முதல் ஆள் என்று ஜஃபாலி கல்யாணமான புதிதில் என்னிடம் பெருமை அடித்திருக்கிறான். பிறகு சிவப்பு நின்றுவிட்டது. இப்போது கொஞ்ச காலமாக விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி. அங்கே கை பட்டால் கத்துவான். கொல்லைக்குப் போனால் திரும்பி வர வெகுநேரம் ஆகும். கேட்டால் "உனக்கென்ன" என்பான்.

இந்த இரண்டு வியாதிக்கும் முடிச்சுப் போட்டது அவனுடைய மாமா பவனாலி. அக்கரையில் படகு வைத்திருப்பவர், தொப்பி சாயாமல் நடப்பவர். மீன் வாங்க நகரத்திலிருந்து வரும் லாரிக்காரர்களோடு பேசிப் பழகும் பெண்களில் நானும் ஒருத்தி. பேசாமல் எப்படி விற்பது? நான் சுகாதார நிலையத்தில் பல தடவை சிறுநீர் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் "லிகோட்ஸோ இல்லை" என்றுதான் சொன்னார்கள். ஏரித் தண்ணீரால் வருகிற அந்த வியாதியை வெளியூர் டாக்டர்கள் பில்ஹார்சியா என்பார்கள். அது இல்லையென்றால் பிறகு என்ன? படுக்கையில் ஒட்டுகிற வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கினேன், எரிச்சல் அப்படியே இருந்தது. செய்தி மட்டும் ஏரியைத் தாண்டிப் பவனாலி காதுக்குப் போய்விட்டது.

"மாமா என்ன செய்யப் போறாராம்?" என்று கேட்டேன்.

"எங்க மலைப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கார். பொண்டாட்டியால வந்த வியாதிக்கு அவர்தான். வேர் போட்ட தண்ணி, ஒரு நாளைக்கு ஒரு குடம் குடிக்கணும். எல்லாத்தையும் கழுவி எடுத்துடுமாம்."

மீனைப் பரப்ப வேண்டியிருந்தது. நாணல் தட்டியில் உசிப்பாவைப் பரப்பிக்கொண்டே அழுதேன், வெயில் கண்ணில் குத்துகிறது என்று பக்கத்துத் தட்டி எலுபியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நல்லவள், நம்பியது போலத் தலையாட்டினாள்.

மீன் காயப் போட்ட கையோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே சிறுநீர் பார்க்கிற ஆள் லுஹாங்கா. வடக்குப் பக்கத்துக்காரன், ஒல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பவன். மாங்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, நீங்களா? இந்த நேரத்துல? மண்வெட்டி எங்க?"

கேலி செய்கிறான். எங்கள் ஊர்ப் பெண் எவளும் சிறுநீர்ச் சீசாவைப் பகலில் எடுத்துப் போக மாட்டாள். கிழக்கு வெளுக்கும் நேரத்தில், இடுப்புத் துணி முடிச்சுக்குள் சீசாவை வைத்துக்கொண்டு, காட்டுக்குப் போவது போலத் தோளில் மண்வெட்டி போட்டுக்கொண்டு போவோம். வழியில் இன்னொரு மண்வெட்டி எதிரே வரும். இருவரும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக் கடந்து போவோம்.

"என்னுதை மறுபடி பாரு" என்றேன்.

"எத்தனை தடவைக்கா பாக்குறது. முட்டை இல்ல. இருந்தா நான் எதுக்கு இல்லைன்னு சொல்லப் போறேன், எனக்கென்ன லாபம்?"

"லுகியாவுக்குப் பள்ளிக்கூடத்துல பாத்தப்ப இருந்துச்சே. அவளும் நானும் ஒரே கரையில, ஒரே பாசித் தண்ணியில நின்னுதான் பாத்திரம் தேய்க்கிறோம். என் பொண்ணு காலுக்குள்ள நுழையிற புழுவுக்கு என் கால் மட்டும் கசக்குதா?"

லுஹாங்கா மாங்காயை வைத்துவிட்டான்.

"பள்ளிக்கூடத்துல எப்ப எடுத்தாங்க?"

"மத்தியானம். பிள்ளைங்கள மைதானத்துல ஓட விட்டு, அப்புறம் சீசாவக் கொடுத்தாங்க. லுகியா வந்து சொல்லிச் சிரிச்சா."

அவன் தலையைச் சொறிந்தான். அவன் சிரிக்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"படிக்கிறப்பவே சொல்லிக் கொடுத்தாங்கக்கா. உச்சிவெயில் நேரத்துலதான் முட்டை நிறைய இறங்கும், கொஞ்சம் ஓடி ஆடின பிறகு இன்னும் இறங்கும். நீங்கல்லாம் விடியுறதுக்குள்ள கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டு ஓடிடுறீங்க. நானும் வந்ததை எடுத்துப் பாத்துட்டு எழுதிட்டு இருந்துட்டேன். ஏன் விடியக்காலையிலேயே வருதுன்னு ஒரு நாளும் யோசிக்கல."

"ஏன் மத்தியானம் இறங்குது?"

"மத்தியானம்தானே நாம தண்ணில நிப்போம். குளிக்கிறது, துவைக்கிறது, வலை இழுக்கிறது எல்லாம் அப்பத்தான். முட்டை தண்ணில விழுந்தாத்தான் பொரியும், பொரிஞ்சது நத்தைக்குள்ள போகும், நத்தையில இருந்து புழுவா வெளிய வந்து மறுபடி நம்ம தோல்ல ஏறும். அதுக்கு நம்ம பழக்கம் தெரியும்."

எங்கள் வெட்கமும் அந்தப் புழுவும் இத்தனை காலம் கூட்டாளியாக இருந்திருக்கின்றன. எத்தனை பெண்களுக்கு "இல்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், எத்தனை வீட்டில் பாய் சுருண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் அப்போது என் கவலை அதில்லை.

"லுகியா அப்பாவுக்கு விலாவுக்குக் கீழ வலி. கொல்லைக்குப் போனா வரவே மாட்டேங்குறார். சாயங்காலம் கால் வீங்குது. அதுவும் இதுதானா?"

"முன்னாடி ரத்தம் போச்சா?"

"சின்ன வயசுல. அப்புறம் நின்னுடுச்சு."

அவன் ஒரு காகிதத்தை எடுத்து, மேலே இரண்டு அவரை விதை, கீழே ஒரு பை, நடுவே இரண்டு குழாய் வரைந்தான்.

"புழு இந்த மூத்திரப் பைக்குப் பக்கத்துல ரத்தக் குழாய்க்குள்ள ஜோடியா இருக்கும். வருஷக்கணக்கா முட்டை போடும். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு முள் உண்டு. பையைக் குத்திக்கிட்டு வெளிய வர்ற முட்டைதான் ரத்தம். வெளிய வராம சதையிலேயே சிக்கின முட்டையச் சுத்தி உடம்பு சதை வளர்த்து மூடிடும். முள் ஏறின கால் காய்ச்சுப் போகுதுல்ல, அப்படி. பை பூரா காய்ச்சுப் போயிடும். குழாய் வாயும் காய்ச்சுச் சுருங்கிடும். மேல இருந்து இறங்குற தண்ணிக்கு வழி இருக்காது. திரும்ப மேல ஏறும். கிட்னி வீங்கும். வீங்கி வீங்கி ஒரு நாள் வேலைய நிறுத்திடும்."

"வேர்த்தண்ணி ஒரு குடம் குடிச்சா?"

"அடைச்ச குழாய்க்கு மேல இன்னும் ஒரு குடமா?" என்றான் லுஹாங்கா. "வேணாம்க்கா. அவரை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து அத்தனையும் ஜஃபாலியிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் சிரித்தான்.

"லிகோட்ஸோ பசங்களுக்கு வர்றது. எனக்கு மீசை நரைக்கப் போகுது. உன் மேல இருக்கிறதைத் துடைக்க என் மேல பூசுறியா?"

அந்த நிமிடமே ஒரு முடிவுக்கு வந்தேன். என்னை விட்டுப் போவதானால் போகட்டும். எனக்கு வீடு இருக்கிறது, தட்டி இருக்கிறது, பேச வாய் இருக்கிறது. ஆனால் அந்த மலைக்குப் போனால் அவன் திரும்பி வர மாட்டான். என்னை நம்பாதவனைப் பற்றி எனக்கு என்ன என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை. இந்தக் கரையில் அவனைப் போல வலை வீசுகிறவன் இல்லை, லுகியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பயந்த மாதிரி ஓடுகிறவனும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவனை மடக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் உரலில் சோளம் குத்தினேன். போதாது என்று லுகியாவோடு கயிறு தாண்டினேன். "அம்மாவுக்குப் பைத்தியம்" என்று அவள் கை தட்டினாள். பிறகு சீசாவை நிரப்பினேன். மண்வெட்டி எடுக்கவில்லை. சீசாவைக் கையில் பிடித்துக்கொண்டு மீன் சந்தைக்கு நடுவே போகிற பெரிய பாதையில் இறங்கினேன்.

வெட்கமாக இல்லையென்று சொன்னால் பொய். காது மடல் எரிந்தது. கூடைக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள். லாரி மேல் உட்கார்ந்திருந்தவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எலுபிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அஸியத்து, என்னடி அது? பழச்சாறா?"

"ஆமா. உனக்கும் ஒரு வாய் ஊத்தட்டுமா?"

சந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்ச தூரம் கடந்துவிட்டேன். மீதித் தூரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

லுஹாங்கா சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற கண்ணாடியில் குனிந்தான். நிமிரும் முன்பே "இருக்கு" என்றான். "வந்து பாருங்கக்கா."

பார்த்தேன். நீளமான, தெளிவான ஒரு முட்டை. ஒரு முனையில் கூரான முள். உள்ளே ஏதோ துடித்தது, உயிரோடு இருந்தது. இதற்காகத்தான் எனக்கு ஒரு லாரிக்காரனை வாயாலேயே கட்டிவைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அந்தக் கண்ணாடியை எடுத்துப் பவனாலியின் தலையில் போட வேண்டும் போல இருந்தது.

"நாளைக்கு இந்தக் கண்ணாடியோட எங்க வீட்டுக்கு வா."

"கண்ணாடி வெளிய வராதுக்கா. தூக்கிட்டுப் போனா என் வேலை போயிடும்."

"சரி, அது கிடக்கட்டும். நீ வா. காலி சீசா ஒண்ணு கொண்டு வா."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பவனாலி வந்தார். வெள்ளைத் தொப்பி, புதுச் செருப்பு. என் பக்கம் பேச என் தாய்மாமன் சைத்தி வந்திருந்தார். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார், செருமி முடித்ததும் என்ன சொல்ல வந்தோம் என்று மறந்துவிடுவார். கல்யாணத்துக்குப் பொறுப்பேற்ற இரண்டு தாய்மாமன்கள் உட்கார்ந்துவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் வாய் திறக்கக்கூடாது. எங்கள் வாய் அவர்களிடம் இருக்கும். முற்றத்தில் மாமன்கள் நாற்காலியில், நாங்கள் பாயில். ஓரமாக லுஹாங்கா சட்டைப் பையில் சீசாவோடு நின்றான்.

"என் மருமகன் உங்க வீட்டுக்கு நல்ல உடம்போட வந்தான்" என்று பவனாலி ஆரம்பித்தார். "இப்ப எப்படி இருக்கான் பாருங்க. உங்க பொண்ணுக்கு லாரி சினேகம் அதிகம்னு ரெண்டு கரையும் பேசுது. நான் சண்டைக்கு வரல. அவன் பாயை எடுத்துக்கிட்டுப் போறேன், வைத்தியம் பாத்துக்கிறேன்."

சைத்தி மாமா செருமினார். "எங்க பொண்ணோட... அந்த... தண்ணியப் பாத்தாங்க. அதுல இருந்துச்சு. நேத்து."

"என்ன தண்ணி? என்ன இருந்துச்சு?"

மாமா மணலைப் பார்த்தார். லுஹாங்கா முன்னால் வந்து, என் சிறுநீரில் லிகோட்ஸோ முட்டை இருந்தது, அது ஏரித் தண்ணீரில் வருவது, யாரோடும் படுத்து வருவதில்லை என்று நேராகச் சொன்னான்.

பவனாலி பெரிதாகச் சிரித்தார். "தம்பி, நீ வடக்குப் பக்கத்துக்காரன். லிகோட்ஸோ பையன் ஆம்பளையாகுற பருவத்துல வர்றது. நாங்க அத்தனை பேரும் சிவப்பாப் போனவங்கதான். செத்தா போனோம்?"

இனி சைத்தி மாமாவை நம்பிப் பயனில்லை. நான் எழுந்தேன்.

"உக்காரு" என்றார் பவனாலி.

"உக்காருறேன் மாமா. அதுக்கு முன்னாடி ஒரு பேச்சு. லுகியா அப்பாவை இப்பவே இந்தச் சீசாவுல போகச் சொல்லுங்க. நேரம் சரியான நேரம். சீசாவ நிரப்பி, அதுல முட்டையும் இல்லைன்னா, அவர் பாயை நானே தலையில சுமந்துக்கிட்டு வந்து உங்க படகுல வைக்கிறேன். வழியெல்லாம் என் வாயாலேயே என்னைத் திட்டிக்கிட்டு வர்றேன்."

பவனாலிக்கு இது பிடித்துவிட்டது. ஜெயிக்கப் போகிற ஆட்டமாக அவருக்குத் தெரிந்தது.

"எழுந்திருடா. போயிட்டு வா. எவ்வளவு நேரம் ஆகப் போகுது?"

ஜஃபாலி எழவில்லை. என்னைப் பார்த்தான். அந்த வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், பயம்தான் இருந்தது. பிறகு லுஹாங்காவிடம் சீசாவை வாங்கிக்கொண்டு குளிக்கிற மறைப்புக்குள் போனான்.

எங்கள் மறைப்பு நாணலில் கட்டியது. அடியில் ஒரு சாண் திறந்திருக்கும். அவன் பாதங்கள் தெரிந்தன.

பவனாலி படகு பற்றிப் பேசினார். வலை விலை பற்றிப் பேசினார். தேநீர் வந்தது, குடித்தார். நாணலுக்குக் கீழே ஜஃபாலியின் கால்விரல்கள் மணலுக்குள் போயின. குதிகால் உயர்ந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது. பவனாலி பேசுவதை நிறுத்தினார். இப்போது எல்லோரும் அந்தப் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது, பல்லுக்குள் அடக்கிய முனகல். ஓடிப் போய் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் உடம்பு முழுக்கத் தவித்தது. நான் பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பவனாலியே எழுந்து மறைப்புக்குப் பக்கத்தில் போனார்.

"ஜஃபாலி? என்னடா?"

"வரமாட்டேங்குது மாமா."

அவர் அங்கேயே நின்றார். ஜஃபாலி வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. சீசாவை லுஹாங்காவிடம் கொடுக்கவில்லை, மாமாவின் கையில் வைத்தான். அடியில் கொஞ்சம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். அதுவும் பழுப்பும் சிவப்புமாக இருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.

"ரொம்ப நாளா இப்படித்தான் மாமா" என்றான் ஜஃபாலி. "ரத்தம் நின்னப்ப சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

பவனாலி சீசாவை லுஹாங்காவிடம் நீட்டினார்.

"பிக்கப் வண்டி மேட்டுல நிக்குது" என்றேன். "காலையிலேயே சொல்லி வச்சிருக்கேன். பேச்சு வார்த்தைய வந்து வச்சுக்கலாம்."

யாரும் மறுக்கவில்லை. செருமுவதைத் தவிர அன்று உருப்படியாக எதுவும் செய்யாத சைத்தி மாமா போய், கதவோரம் சுருட்டி வைத்திருந்த பாயைத் தூக்கி வந்து பிக்கப்பில் விரித்தார். ஜஃபாலி அதில் படுத்துக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

அங்கே டாக்டரம்மா வயிற்றில் களிம்பு தடவி, திரையில் காட்டினார். இடது கிட்னி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்ப் பைதான் இருந்தது. அது முடிந்த கதை என்றார். வலதும் வீங்கியிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பை வெள்ளை ஓடாகத் தெரிந்தது. சாதாரணமாக அது படத்தில் தெரியவே தெரியாதாம். இவனுக்கு முட்டைகள் சுண்ணாம்பாகி ஓடு கட்டிவிட்டன.

"மாத்திரை புழுவைக் கொல்லும்" என்றார். "புதுசா வந்த வீக்கத்தையும் வடிய வைக்கும். பழைய தழும்பை ஒண்ணும் பண்ணாது. முதல்ல முதுகு வழியா ஒரு குழாய் வச்சு வலது கிட்னித் தண்ணிய வெளிய எடுக்கணும். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில சுருங்கின இடத்தை வெட்டிட்டு ஒட்டணும். புற்றுநோய் வருதான்னு வருஷா வருஷம் பாக்கணும்."

"வேர்த்தண்ணி குடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இந்த ஒண்ணும் போயிருக்கும்."

நடைபாதையில் போய் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். சந்தையில் அடக்கியது, முற்றத்தில் அடக்கியது எல்லாம் அங்கே வந்தது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, எனக்கான மாத்திரையையும் கேட்டு வாங்கினேன். உயரம் அளக்கிற கோலில் என்னை நிற்க வைத்து, உயரத்துக்கு ஏற்ப எண்ணிக் கொடுத்தார்கள். ன்சிமா களி தின்றுவிட்டு விழுங்கச் சொன்னார்கள். தலை சுற்றியது, பிறகு சரியாகிவிட்டது.

முதுகில் குழாயும் இடுப்பில் பையுமாகப் படுத்திருந்த ஜஃபாலி ஒரு சாயங்காலம் கேட்டான். "உன்னை அப்படிச் சொன்னேன். அதுக்கப்புறமும் ஏன் போக விடல?"

"நீங்க சொன்னதுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல. அதுக்குள்ள செத்துப்போயிட்டா யார்கிட்டச் சொல்றது?"

சிரித்தான், வலித்தது, விலாவைப் பிடித்துக்கொண்டான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து, குழாயையும் எடுத்த பிறகு வீட்டுக்கு வந்தோம். பாய் பழைய இடத்தில் விரிந்தது. இனிமேல் தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவது என்று ஏற்பாடு. அப்படி இருக்கும்போது ஒரு நாள் விடியற்காலை வாசலில் யாரோ இருமினார்கள். கதவைத் திறந்தேன். பவனாலி. தொப்பி இல்லை. தோளில் மண்வெட்டி.

ஜஃபாலி என் பின்னால் வந்து நின்றான்.

"என்ன மாமா இந்த நேரத்துல, மண்வெட்டியோட?"

"சும்மா. நிலத்தைப் பாக்கலாம்னு."

"இந்தக் கரையில உங்களுக்கு ஏது நிலம்?"

பவனாலி தரையைப் பார்த்தார். இடுப்புத் துணி முடிச்சு புடைத்திருந்தது. "அந்தப் பையன் லுஹாங்கா வாசல்ல வச்சுட்டுப் போயிடலாம்னு பாத்தேன். எனக்கும் கொஞ்ச நாளா... உன்னை மாதிரியே..." முடிச்சைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் சொல்லத் தயாராக வைத்திருந்த அத்தனை வார்த்தையும் நாக்கு நுனியில் நின்றது. ஜஃபாலி முந்திக்கொண்டான்.

"அதைக் கீழ ஊத்துங்க மாமா. இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது. உக்காருங்க, அஸியத்து கஞ்சி வைப்பா. வெயில் ஏறட்டும். உரல்ல சோளம் கிடக்கு, குத்திக் கொடுங்க."

பவனாலி என் உரலில் சோளம் குத்தினார். லுகியா பக்கத்தில் உட்கார்ந்து, குத்துவது சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உச்சிவெயில் வந்ததும் மறைப்புக்குள் போய், சீசாவோடு வெளியே வந்து, அதைத் துணிக்குள் முடியப் போனார். ஜஃபாலி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். பெரிய பாதையில் முன்னால் நடந்தான், மாமா தலை குனிந்து பின்னால் போனார்.

நான் தட்டியில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சந்தை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். எலுபியின் குரல் கேட்டது.

"ஜஃபாலி, யாரோடது அது?"

அவன் நின்றான். சீசாவை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான்.

"மாமாவோடது. ஏரித் தண்ணில வர்ற வியாதி" என்றான், மீன் ஏலம் கூறுகிற குரலில். "எனக்கு வந்ததும் அதுதான். என் பொண்டாட்டிக்கு வந்ததும் அதுதான். வேற எதுவும் இல்ல. காதுல விழாதவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, இன்னொரு தடவை சொல்றேன்."

யாரும் கேட்கவில்லை. அவன் இன்னொரு தடவை சொன்னான்.